கோப்பு வழங்கி: சொல் விளக்கம்

ஒரே வலையமைப்பில் இணைந்திருக்கும் கணினிகளில் ஒன்று விண்டோஸிலும் இன்னொன்று லினக்ஸிலும் மற்றொன்று மேக்கிலும் இயங்கினாலும், அவை அனைத்தும் ஓரிடத்தில் வைக்கப்பட்டுள்ள கோப்புகளைத் திறக்கவும் திருத்தவும் சேமிக்கவும் வழிசெய்யும் ஏற்பாட்டை ‘ஃபைல் சர்வர்’ என்று சொல்கிறோம். இதற்குத் தமிழில் ‘கோப்புச் சேவையகம்’, ‘கோப்பு வழங்கி’ என இரண்டு சொற்கள் புழக்கத்தில் உள்ளன. இவற்றுள் கோப்பு வழங்கி என்பதே பொருளுக்குப் பொருத்தமானது என்பது என் துணிபு. சொல்லின் இனிமை கருதி இதைச் சொல்லவில்லை. இந்த ஏற்பாடு உள்ளே எவ்வாறு செயல்படுகிறது என்பதை வழங்கி என்னும் சொல் சரியாகக் காட்டுகிறது; சேவையகம் என்னும் சொல் சற்றே மறைத்துவிடுகிறது.

முதலில் கோப்பு. ஆங்கிலத்தின் ‘ஃபைல்’ என்னும் சொல், நூல் அல்லது இழை என்று பொருள்படும் ‘ஃபீலும்’ என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. தாள்களைக் கயிற்றிலோ கம்பியிலோ வரிசையாகக் குத்திக் கோத்து வைத்த பழக்கமே அப்பெயருக்குக் காரணம். தமிழின் கோப்பு, கோத்தல் என்னும் வினையடியாகப் பிறந்தது. முத்தைக் கோப்பதும் துளையிட்ட ஓலைகளைக் கயிற்றில் கோத்துச் சுவடியாக்குவதும் அதே வினைதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு மொழிகள், இழையில் கோர்த்த ஏடுகள் என்னும் ஒரே காட்சியிலிருந்து ஒரே பொருளுக்குப் பெயர் கண்டிருக்கின்றன. கலைச்சொல்லாக்கத்தில் இத்தனை பொருத்தம் அரிதாகவே வாய்க்கும்.

‘சர்வர்’ என்னும் சொல்லின் வேர், பணிபுரிதலைக் குறிக்கும் ‘செர்வீரே’ என்னும் இலத்தீன் வினை. கணிப்பொறித் துறைக்கு இச்சொல் வரிசைக் கோட்பாட்டின் வழியாக வந்தது. வரிசையில் காத்திருப்போருக்கு ஒருவர் பின் ஒருவராகப் பணி முடித்துக் கொடுப்பவரை அக்கோட்பாடு சர்வர் என்றது. கணிதவியலாளர் டேவிட் கெண்டல் 1953இல் எழுதிய கட்டுரையில் இச்சொல்லாட்சியைக் காணலாம். 1969இல் இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்புக்காக எழுதப்பட்ட தொடக்கக்கால ஆவணங்களில் அது கணினிகளுக்கு உரியதாகிவிட்டது. ஆக, தொடக்கம் முதலே சர்வர் என்பது கேட்போருக்குக் கேட்டதைத் தரும் ஒரு வினைமுதலின் பெயர். அது இடத்தின் பெயராக எக்காலத்திலும் இருந்ததில்லை.

சேவையகம் என்பதில் எனக்குள்ள தடை இங்கேதான் இருக்கிறது. ‘அகம்’ என்றால் இடம், வீடு. நூலகம், அலுவலகம் என்ற வரிசையில் சேவையகம் என்று படிப்பவர், குளிரூட்டிய அறையில் விளக்குகள் மினுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பெட்டியை மனத்தில் காண்கிறார். உண்மையில் அந்தப் பெட்டி வழங்குவதில்லை. அதில் இயங்கும் ஒரு நிரல் வழங்குகிறது. லினக்ஸ் கணினியில் சாம்பா என்னும் கோப்பு வழங்கி மென்பொருளை நிறுவி இயக்கினால், அதன் முதன்மை நிரல் 445 என்ற எண்ணுள்ள வலையமைப்பு வாயிலில் (‘போர்ட்’) காத்திருக்கும். ஒரு விண்டோஸ் கணினி வந்து கதவைத் தட்டியதும், அந்த இணைப்புக்கென்றே தன்னைப்போல் இன்னொரு செயல்நிரலைப் பிரித்து நிறுத்தும். பத்துக் கணினிகள் இணைந்தால் பத்துச் செயல்நிரல்கள் ஓடுவதைச் செயல்பட்டியலில் கண்ணால் பார்க்கலாம். பழைய மடிக்கணினியில் இதே நிரலை ஓடவிட்டால் அதுவும் வழங்கியே. விலையுயர்ந்த பெட்டியில் அது நின்றுபோனால் அங்கே வழங்கி இல்லை. வட்டுகளை அடுக்கிவைத்த பெட்டியைச் சேமிப்பகம் என்று சொல்லலாம், அதற்கு அகம் நன்றாகவே பொருந்துகிறது.

வழங்கு என்னும் வினையோடு இகர விகுதி சேர்ந்து வழங்கி ஆகிறது. சுமையைத் தாங்குவது சுமைதாங்கி, இடியைத் தாங்குவது இடிதாங்கி. அவ்வாறே கோப்பை வழங்குவது கோப்பு வழங்கி. செயலி, உலாவி, திசைவி போன்ற அண்மைக்காலக் கலைச்சொற்களும் இதே வார்ப்பில் வந்தவைதாம்.

வழங்கு என்ற வினையின் பொருட்பரப்பு வியப்பளிப்பது. திருக்குறளிலேயே அது மூன்று நிலைகளில் வருகிறது. ‘வானம் வழங்காது எனின்’ என்னுமிடத்தில் கொடுத்தல்; ‘வளிவழங்கும் மல்லல்மா ஞாலம்’ என்னுமிடத்தில் உலாவுதல்; ‘வானின்று உலகம் வழங்கி வருதலால்’ என்னுமிடத்தில் நிலைபெற்று வருதல். இயங்கு என்பதிலிருந்து இயக்கம் பிறப்பது போல, வழங்கு என்பதிலிருந்து வழக்கமும் வழக்கும் பிறக்கின்றன. மக்கள் நாவில் உலவுவதால் பேச்சு ‘வழக்கு’ ஆயிற்று. இந்தப் பொருளும் நம் ஏற்பாட்டுக்கு உள்ளபடியே தேவைப்படுகிறது. ஏனெனில் வெவ்வேறு இயங்குதளங்கள் கோப்பைப் பகிர வேண்டுமானால், அவற்றுக்குள் முதலில் ஒரு பொது வழக்கு இருந்தாக வேண்டும்.

அந்தப் பொது வழக்கின் பெயர் எஸ்எம்பி. ‘சர்வர் மெசேஜ் பிளாக்’ என்பதன் சுருக்கமான, கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதித்தொகுப்பாகிய இந்நெறிமுறையை 1980களின் முற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் வகுத்தார். மைக்ரோசாஃப்ட் அதை விரித்துத் தன் இயங்குதளங்களில் சேர்த்துக்கொண்டது. யூனிக்ஸ் உலகம் 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்எஃப்எஸ் என்னும் வேறொரு கோப்புப் பகிர்வு நெறிமுறையோடு தனிவழி சென்றது. 1992இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிஜெல், தம் மேசைக் கணினியிலிருந்து யூனிக்ஸ் கணினியின் கோப்புகளை அணுக விரும்பி, வலையமைப்பில் கடந்து செல்லும் தரவுப் பொட்டலங்களை உற்றுப் பார்த்தே எஸ்எம்பி நெறிமுறையைக் கற்றார். கற்றதைக்கொண்டு வழங்கி நிரல் ஒன்றை எழுதினார். முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்ததால், எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினியிலிருந்த சொற்பட்டியலில் தேடினார். கிடைத்த சிலவற்றுள் ஒன்று பிரேசில் நாட்டு நடனத்தின் பெயர், சாம்பா. இது பெயர்ச்சொல்லாகவே நிலைத்துவிட்டதால் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தமிழ் எழுத்தில் எழுதினால் போதும்.

எஸ்எம்பியின் பதிப்புகளை அந்நெறிமுறையின் விவரிப்பே ‘டயலெக்ட்’ என்று குறிப்பிடுகிறது. இதற்குத் தமிழில் ‘வழக்கு’ என்று தயங்காமல் எழுதலாம். இணைப்புத் தொடங்கியதும் கேட்கும் கணினி தனக்குத் தெரிந்த வழக்குகளைப் பட்டியலிடுகிறது. வழங்கி அவற்றுள் தானும் அறிந்த மிகப் புதியதைத் தேர்ந்துகொள்கிறது. விண்டோஸ் விஸ்டாவோடு 2006இல் இரண்டாம் வழக்கும், 2012இல் மறையாக்க வசதியோடு மூன்றாம் வழக்கும் வந்தன. முதல் வழக்கில் இருந்த பிழையைப் பயன்படுத்தித்தான் 2017 மே மாதம் வன்னாகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. சாம்பா 2019இல் வெளிவந்த 4.11 பதிப்பு முதல் அந்த முதல் வழக்கை இயல்பாகவே அணைத்து வைத்துள்ளது. பழைய கருவி ஒன்று இணையவில்லை என்பதற்காக அதை மீண்டும் திறந்துவிடும்படி சொல்லும் குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்வேன்.

வழங்கியிடம் கேட்டுப் பெறும் ‘கிளையன்ட்’ என்பதற்கு ஒலி ஒப்புமையால் அமைந்த ‘கிளையன்’ என்ற சொல் உண்டு. ஆனால் வழங்கிக்கு இணையாக ‘வாங்கி’ என்றே எழுதுவது பொருளைத் தெளிவாக்கும். இரண்டும் கணினி ஏற்கும் பங்கின் பெயர்கள். ஒரே கணினி ஒரு பகிர்வுக்கு வழங்கியாகவும் வேறொரு பகிர்வுக்கு வாங்கியாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

அடுத்து ‘ஷேர்’. ஆங்கிலத்தில் அதன் பழம்பொருள் வெட்டிப் பிரித்தல். தமிழில் பகிர் என்னும் சொல் பகு என்பதோடு உறவுடையது. பகுதி, பகுப்பு ஆகியனவும் அவ்வினத்தவை. வழங்கியின் பேச்சில் ‘ஷேர்’ பெயர்ச்சொல்லாக நின்று, பெயரிட்டுத் திறந்துவைக்கப்பட்ட ஒரு கோப்புறையைக் குறிக்கிறது. அதற்குப் ‘பகிர்வு’ என்ற ஒரு சொல்லே போதும். சாம்பாவின் அமைவுக் கோப்பில் சதுர அடைப்புக்குறிக்குள் பகிர்வின் பெயரை எழுதி, அதன் கீழ் மூன்று வரிகள் தருகிறோம்: அக்கோப்புறை இருக்கும் பாதை, அணுகக்கூடிய பயனர்கள், படிக்க மட்டுமா எழுதவுமா என்பது. இங்கே புதியவர்கள் இடறும் ஓர் இடம் உண்டு. அமைவுக் கோப்பில் ‘எழுதலாம்’ என்று கொடுத்த பின்னும் விண்டோஸ் அனுமதி மறுக்கும். காரணம், லினக்ஸின் கோப்பு முறைமையும் தன் பங்குக்கு அனுமதி பார்க்கிறது. இரண்டும் இசைந்தால்தான் எழுத முடியும். கடவுச்சொல்லும் அப்படியே. லினக்ஸ் காத்துவைத்திருக்கும் கடவுச்சொல் வடிவம் எஸ்எம்பியின் சரிபார்ப்புக்கு உதவாது என்பதால், ஒவ்வொரு பயனருக்கும் சாம்பாவில் தனியே கடவுச்சொல் அமைத்தாக வேண்டும்.

கோப்புப் பெயர்களில் இயங்குதளங்களின் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வெவ்வேறாகக் கொள்ளும். விண்டோஸ் ஒன்றாகவே கொள்ளும். தமிழில் அந்த வேறுபாடே இல்லாததால் தமிழ்ப் பெயர்களுக்கு இத்தொல்லை இல்லை. வேறொரு தொல்லை இருக்கிறது, அதைக் கோப்பு என்ற சொல்லைக்கொண்டே காட்டலாம். ‘கோ’ என்னும் எழுத்தின் ஓகாரக் குறியை, ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் (குறியெண்) தரும் யூனிகோடு இரண்டு வகையாக எழுத இடமளிக்கிறது: ஒரே குறியெண்ணாக எழுதலாம்; ஏகாரக் குறியும் காலும் என இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் குறியெண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் முதல் வகைக்குக் கோப்பு என்ற சொல் 18 பைட்டுகள், இரண்டாம் வகைக்கு 21 பைட்டுகள். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் பெயர்களைப் பிரித்தே எழுதிவைத்தது. விண்டோஸில் தட்டச்சு செய்யும்போது பெரும்பாலும் சேர்ந்த வடிவமே உருவாகும். லினக்ஸோ பைட்டுகள் வேறானால் பெயரும் வேறு என்று கொள்ளும்.

இதை நேரிலேயே கண்டேன். பழைய மேக் வட்டிலிருந்து, கோப்புகளைப் படியெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையால் வழங்கிக்கு நேரடியாகப் படியெடுத்த ஒரு கோப்புறையில், பின்னர் விண்டோஸிலிருந்தும் சேமித்தபோது, ‘கோப்புகள்’ என்ற பெயரிலேயே இரண்டு உள்ளுறைகள் அருகருகே நின்றன. எந்தத் திருத்தம் எதில் போயிற்று என்று கண்டறிய ஒரு மாலை முழுவதும் பிடித்தது. சேர்ந்த வடிவத்துக்கு எல்லாப் பெயர்களையும் மாற்றும் கான்வ்எம்வி என்ற சிறு கருவியைக்கொண்டு ஒருமுறை சீர்செய்த பின்பே சிக்கல் தீர்ந்தது. ஆர்சிங்கிலேயே படியெடுக்கும்போது குறியாக்கத்தை மாற்றித்தரும் விருப்பத்தேர்வு இருப்பதைப் பிறகு அறிந்துகொண்டேன்.

பெயரின் நீளத்தையும் கவனித்தாக வேண்டும். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைமைகளில் ஒரு பெயருக்கு 255 பைட்டுகளே எல்லை. தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொள்வதால் 85 குறியெண்களில் இடம் முடிந்துவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறைமையில் எல்லை 255 எழுத்தலகுகள், தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் ஓர் அலகே என்பதால், அங்கே தடையின்றிச் சேமிக்கப்பட்ட நீண்ட தமிழ்ப் பெயர் வழங்கிக்கு வரும்போது மறுக்கப்படும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியெண்கள் ஆகையால், கண்ணுக்கு நாற்பது ஐம்பது எழுத்துகளாகத் தெரியும் பெயரே இந்த எல்லையைத் தொட்டுவிடக்கூடும்.