தடத்தில் பெயர் இல்லை, ஆனாலும் அது நீங்கள்தான்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் போக்குவரத்துத் திட்டங்களுக்காக மக்கள் நடமாட்டத் தரவைப் படித்துச் சொல்வது என் வேலை. சாட்ஸ்வர்த்திலிருந்து காலையில் எந்த நேரத்தில் கூட்டம் கிளம்புகிறது, ஃபீனிக்ஸ்காரர்கள் உம்ஹ்லாங்கா பக்கம் வேலைக்கு எப்படிப் போகிறார்கள், வார்விக் சந்திப்பில் எத்தனை பேர் மினிபஸ் டாக்சி மாறுகிறார்கள் என்றெல்லாம் பார்ப்போம். இந்த வேலையில் அடிக்கடி காதில் விழுவது, "பெயரையும் நம்பரையும் எடுத்துவிட்டோம், இனி யாருக்கும் ஆபத்தில்லை" என்ற பேச்சு. அது சரியில்லை என்பதை நம் மக்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் இந்தத் தரவு எங்கிருந்து வருகிறது? கைபேசி நிறுவனத்திடம் இருப்பது ஒரு வகை. நீங்கள் பேசினாலும் செய்தி அனுப்பினாலும் எந்த டவர், எத்தனை மணி என்று ஒரு வரி பதிவாகும். நகருக்குள் டவர்கள் நெருக்கமாக இருக்கும். கரும்புத் தோட்டங்கள் பக்கம் போனால் பல கிலோமீட்டருக்கு ஒன்றுதான். அதனால் இடம் தோராயமாகத்தான் தெரியும். இன்னொரு வகை, போனில் உள்ள செயலிகள். வானிலை பார்க்க, விளையாட, தள்ளுபடி தேட என்று நாம் இறக்கியவற்றில் சில, ஜிபிஎஸ் இடத்தை விளம்பர எண்ணோடு (விளம்பரம் காட்டுவதற்காக உங்கள் போனுக்கு இருக்கும் தனி எண்) சேர்த்து வெளியே விற்கின்றன. அது சில மீட்டர் வரை துல்லியமாக இருக்கும். வைஃபை, பயண அட்டை போன்றவையும் உண்டு.

சரி, பெயர் நீக்கிய தரவு எப்படி இருக்கும்? பெயர் இருந்த இடத்தில் நீளமான ஒரு எண் இருக்கும். அதன் பக்கத்தில் தேதி, நேரம், இடம். அவ்வளவுதான். இப்போது ஒரே எண்ணின் வரிகளை மட்டும் பிரித்து நேர வரிசையில் அடுக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இரவு ஒன்பதிலிருந்து காலை ஐந்து வரை சாட்ஸ்வர்த்தில் ஒரே தெரு. ஐந்தே முக்காலுக்கு வார்விக். ஏழு முதல் நான்கு வரை ஜேக்கப்ஸ் பக்கம் ஒரு தொழிற்சாலை. செவ்வாய்தோறும் மருத்துவமனையில் அதே நேரம், மூன்று மணி நேரம். வெள்ளி மாலை கோயில். இப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவில் குடியிருந்து அந்தத் தொழிற்சாலைக்குப் போகிறவர் எத்தனை பேர் இருப்பார்கள்? பெரும்பாலும் ஒருவர்தான். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் ஒரு நிமிடத்தில் பெயரைச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அந்த மருத்துவமனைச் செவ்வாய்களும் அவர் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

இதை அளந்தும் காட்டியிருக்கிறார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில் பதினைந்து லட்சம் பேரின் 15 மாத டவர் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் எந்த நேரத்தில் எந்த இடத்தில் இருந்தார் என்று நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும், நூற்றில் 95 பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்று வந்தது. ஜிபிஎஸ் அல்ல, தோராயமான டவர் இடம் என்பதைக் கவனியுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் 'போப்பியா' என்று நாம் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இதைத் தெரிந்தே எழுதப்பட்டிருக்கிறது. மறுபடி அடையாளம் காண முடியாத அளவுக்கு அடையாளம் நீக்கிய தகவல்தான் அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கும். பெயர்ப் பத்தியை அழித்துவிட்டால் மட்டும் அந்த நிலை வந்துவிடாது. மத நம்பிக்கை, உடல்நிலை இரண்டையும் சட்டம் தனிக் கவனம் தேவைப்படும் தகவல் என்கிறது. கோயில் வெள்ளியும் மருத்துவமனைச் செவ்வாயும் அந்த இரண்டையும் காட்டிக்கொடுப்பவை.

இந்தத் தரவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2010-இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு தலைநகரிலிருந்து சுமார் 6,30,000 பேர் வெளியேறினார்கள் என்பதையும், எந்தப் பக்கம் போனார்கள் என்பதையும் சிம் கார்டுகளின் நகர்வை வைத்துத்தான் கணித்தார்கள். கென்யாவில் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி போன்களின் பதிவுகளை வைத்து, பயணிகளோடு மலேரியா எங்கிருந்து எங்கே போகிறது என்று வரைபடம் போட்டார்கள். நல்ல வேலை. ஆனால் இரண்டிலும் தேவைப்பட்டது கூட்டத்தின் ஓட்டம். தனி ஆளின் செவ்வாய்க்கிழமை யாருக்கும் தேவைப்படவில்லை.

அப்புறம், எண்ணிக்கையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. லோட் ஷெடிங் (சுழற்சி முறை மின்வெட்டு) உச்சத்தில் இருந்த 2023-இல் டவர் பேட்டரி தீர்ந்ததும் போன்கள் பக்கத்து டவருக்குத் தாவும். வரைபடத்தில் பார்த்தால் ஊரே ஒரே நொடியில் இடம் மாறியது போலத் தெரியும். யாரும் நாற்காலியை விட்டுக்கூட எழுந்திருக்க மாட்டார்கள். ஒருவர் இரண்டு சிம் வைத்திருந்தால் இரண்டு ஆள். போனே இல்லாத ஆயா கணக்கிலேயே இல்லை. பேருந்து வேண்டும் என்று அதிகம் தவிப்பவர்களில் அந்த ஆயாவும் ஒருவர்.

தைப்பூசக் காவடிக்கு வரும் கூட்டத்தைப் போன் சிக்னலை வைத்து எண்ணலாமா என்று ஒரு கோயில் கமிட்டியில் என்னிடம் கேட்டார்கள். "பேரெல்லாம் எடுக்க மாட்டாங்களாம் தம்பி" என்றார் ஒரு அங்கிள். உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டேன். வண்டி நிறுத்தவும் தண்ணீர் வைக்கவும் மணிக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும் என்றார்கள். அதற்கு வாசலில் நான்கு பிள்ளைகள் எண்ணும் கருவியோடு நின்றால் போதும் என்றேன். இப்போதைய போன்கள் வைஃபைக்குக் காட்டும் எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஒரே ஆள் பல பேராகக் கணக்கில் வரலாம்; அதனால் சிக்னல் கணக்கைவிடப் பிள்ளைகளின் கணக்கு சரியாகவும் இருக்கும். போன் தரவுதான் வேண்டும் என்றால், தனித்தனி ஆட்களின் நடமாட்டத் தடங்கள் கைக்கு வரக் கூடாது, மணிக்கணக்கான மொத்தம் மட்டும் வர வேண்டும், ஓரிருவர் மட்டும் என்றால் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் சின்ன எண்ணிக்கைகளை மறைக்க வேண்டும், மூலத் தரவை எந்தத் தேதியில் அழிப்பார்கள் என்று எழுத்தில் தர வேண்டும் என்றும் சொன்னேன். இதைக் கேட்கும்போது மழுப்புகிற நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டாம்.

உங்கள் போனில் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. இட அனுமதியைத் திறந்து, 'எப்போதும்' என்று இருக்கும் செயலிகளை 'பயன்படுத்தும்போது மட்டும்' என்று மாற்றுங்கள். துல்லிய இடம் வரைபடத்துக்கும் டாக்சி அழைக்கவும் மட்டும் இருந்தால் போதும், மற்றவற்றுக்கு அணைத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் அந்த விளம்பர எண்ணை (விளம்பர ஐடி) நீக்கும் வசதி அமைப்புகளிலேயே இருக்கிறது. நீக்குவதற்கு முன் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். என் தகவல் உங்களிடம் இருக்கிறதா என்று அடையாளச் சான்றோடு எந்த நிறுவனத்தையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இருக்கிறது, இல்லை என்ற பதிலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பதில் வராவிட்டால் தகவல் ஒழுங்குமுறை அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கடிதத்தில் அந்த விளம்பர எண்ணையும் குறிப்பிடுங்கள். பெயரை மட்டும் கொடுத்தால், "உங்கள் பெயரில் எங்களிடம் எதுவும் இல்லை" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.