எப்போது தூங்கலாம் என்று தெரிந்த போன்

மாரியில் காற்றடித்துக் கரண்ட் போனால், வன்னியில் உடனே கவலை வருவது போனில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்பதில்தான். இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறக்கிறார்களா, முல்லைத்தீவில் கடலுக்கு இறங்கலாமா என்ற செய்தியும் அதே போனுக்குத்தான் வரவேண்டும். இப்படி எல்லோருக்கும் வேண்டிய செய்தியை டவர் ஆளாளுக்குத் தனித்தனியாக அனுப்பத் தேவையில்லை. ஒருமுறை பொதுவாக ஒலிபரப்பினால் போதும். கேட்பவர் நூறு பேரோ பத்தாயிரம் பேரோ, டவருக்குச் செலவு ஒன்றுதான்.

சிக்கல் போன் பக்கம் இருக்கிறது. தனக்கு வேண்டியது எப்போது வரும் என்று தெரியாத போன், ரேடியோவைத் திறந்தபடியே காத்திருக்கும். பற்றரி கரைவது அங்கேதான்; ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும்வரை, வந்ததைப் பார்க்கும் மூளையான சிப்பும் விழித்திருக்க வேண்டும். 1990களில் வந்த ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஹாபிட் சிப் முழுவீச்சில் 250 மில்லிவாட் எடுத்தது, அரைத்தூக்கத்தில் வெறும் 50 மைக்ரோவாட். 5,000 மடங்கு வித்தியாசம்! சிறுபோகத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, தன் முறை எத்தனை மணிக்கு என்று தெரிந்த கமக்காரர் இரவு முழுக்க வாய்க்கால் கரையில் குந்தியிருப்பாரா? போனுக்கும் அந்த நேரம் தெரிந்தால் சரி.

1994இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் இமியலின்ஸ்கி, விஸ்வநாதன், பத்ரிநாத் மூவரும் சொன்ன வழி இதுதான்: தகவலோடு, எது எப்போது வரும் என்ற அட்டவணையையும் காற்றிலேயே அனுப்புவது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொன்றும் 1 வினாடி எடுக்கும் 100 செய்திகள் சுற்றிச் சுற்றி ஒலிபரப்பாகின்றன. அட்டவணை இல்லாவிட்டால் சராசரியாக 50 வினாடி விழித்திருக்க வேண்டும். இப்போது 4 வினாடி அட்டவணை ஒன்றைச் சேர்ப்போம். அடுத்த அட்டவணை எப்போது என்ற குறிப்பு ஒவ்வொரு செய்தியிலும் இருக்கும். போன் 1 வினாடி விழித்து அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுத் தூங்கும். அட்டவணை வரும்போது எழுந்து 4 வினாடி வாசிக்கும், திரும்பத் தூங்கும், அப்புறம் தன் செய்திக்கு 1 வினாடி. மொத்தம் 6 வினாடி விழிப்பு.

ஆனால் காத்திருப்பு நீளும். சுற்றுக்கு ஒரே ஒரு அட்டவணை என்றால் செய்தி கைக்கு வரச் சராசரியாக 104 வினாடி ஆகும். அதையே இடையிடையே 5 தடவை வைத்தால் 72 வினாடிதான். அதற்கு மேலும் கூட்டினால், அட்டவணைகளே நேரத்தைத் தின்று காத்திருப்பு மறுபடி ஏறும்.

இன்றைய 4ஜி போன் செய்வதும் கிட்டத்தட்ட இதுவே. சும்மா கிடக்கும்போது 0.32 முதல் 2.56 வினாடிக்கு ஒருமுறை, அதுவும் ஒரு கணம்தான், காதைத் திறக்கும். எச்சரிக்கை இருக்கிறது என்று டவர் சொன்னால், எது எப்போது வரும் என்ற பொது அட்டவணையை வாசித்து, அந்த நேரத்துக்கு எழுந்து செய்தியை எடுக்கும்.

எனக்குப் பெருங்குறையாகப் படுவது சிக்னல் இல்லாத காட்டோரக் கிராமங்கள். அட்டவணையே எட்டாத இடத்தில் போன் திரும்பத் திரும்ப டவரைத் தேடும், அந்தத் தேடலே பற்றரியை உறிஞ்சிவிடும். விமானப் பயன்முறைக்கு மாற்றினால் சார்ஜ் மிஞ்சும், ஆனால் எச்சரிக்கை வராது. அங்கே வேண்டியது இன்னொரு டவர்தான்.