புது காரில் கிளட்ச் போய்விட்டதா? "வாரண்டியில் வராது" என்றதும் பேச்சு முடிந்துவிடாது

கார் வாங்கி ஏழெட்டு மாதம்கூட ஆகியிருக்காது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் மட்டும் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. மேட்டில் ஏறும்போது கருகிய வாடை வருகிறது. சர்வீஸ் சென்டரில் கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்துவிட்டு, "கிளட்ச் பிளேட் தேஞ்சிருச்சு சார். இது வேர் அண்ட் டேர் ஐட்டம், வாரண்டியில வராது. நீங்க ஹாஃப் கிளட்ச்லயே (பெடலைப் பாதி அமுக்கியபடியே) ஓட்டியிருக்கீங்க" என்று சொல்லி எஸ்டிமேட்டை நீட்டுகிறார்கள். பெரும்பாலானவர்கள் அந்த இடத்திலேயே பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்தியச் சட்டப்படி அதற்கு மேலும் கேட்க இடம் இருக்கிறது.

வாரண்டி புத்தகத்தில் அப்படி ஒரு வரி இருப்பது உண்மைதான். பிரேக் பேட், வைப்பர் பிளேடு, பல்பு என்ற வரிசையில் கிளட்ச் பிளேட்டையும் பல நிறுவனங்கள் சேர்த்திருக்கும். உராய்ந்தே வேலை செய்யும் பொருள் தேயத்தான் செய்யும், அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வரியை முழுசாகப் படித்தால், பொதுவாக 'இயல்பான தேய்மானம்' என்றுதான் எழுதியிருப்பார்கள். பக்குவமாக ஓட்டினால் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் கிலோமீட்டர் தாண்டி ஓடக்கூடிய பிளேட் எட்டாயிரத்தில் கருகினால் அதை யாரும் இயல்பு என்று சொல்ல முடியாது. பிளேட் தேய்ந்திருக்கிறது என்பதை நீங்களும் மறுக்கப்போவதில்லை. ஏன் தேய்ந்தது என்பதுதான் வழக்கு.

அதற்கான பதில் கழற்றிய பாகங்களிலேயே இருக்கும். கிளட்ச் பெடலில் காலை வைத்தபடியே ஓட்டுவது, சிக்னல் மேட்டில் பிரேக்குக்குப் பதிலாக ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்திவைப்பது போன்ற பழக்கம் இருந்தால், பிளேட் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சீராகத் தேய்ந்திருக்கும். கிளட்ச் பிளேட்டை இருபுறமும் ஒட்டி நிற்கும் ஃப்ளைவீலிலும் பிரஷர் பிளேட்டிலும் சூட்டினால் நீலம் பாரித்த திட்டுகளும் மயிரிழை விரிசல்களும் தெரியும். அப்படி இருந்தால் உங்கள் பக்கம் கொஞ்சம் பலவீனம்தான், ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பிளேட்டில் எண்ணெய் பிசுக்கு ஒட்டியிருந்தால் கதை வேறு. இன்ஜின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் சீலோ கசிந்திருக்கிறது என்று பொருள், அதை ஓட்டுநர் தலையில் கட்ட முடியாது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பது, டேம்பர் ஸ்பிரிங் உடைந்திருப்பது, ரிவெட் தளர்ந்திருப்பது, பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஏற்றத்தாழ்வாக நிற்பது, ரிலீஸ் பேரிங் இறுகிப்போயிருப்பது ஆகியவையும் உற்பத்தி அல்லது பொருத்துதலில் நடந்த கோளாறைக் காட்டக்கூடியவை. பெடலில் ஃப்ரீ பிளே (கிளட்ச் விலகத் தொடங்கும் முன் பெடலில் இருக்கும் சிறு தளர்வு) இல்லாமல் அட்ஜஸ்ட் செய்திருந்தாலோ, ஹைட்ராலிக் சிலிண்டர் முழுசாகத் திரும்பாமல் இருந்தாலோ, நீங்கள் காலை எடுத்த பிறகும் கிளட்ச் பாதி அமுங்கியே இருக்கும். அப்போதும் பிளேட் சூடேறிக் கருகும், வெளிப்பார்வைக்கு ஹாஃப் கிளட்ச் பழக்கம் போலவே தெரியும். அதனால் நீலத் திட்டைப் பார்த்ததும் சர்வீஸ் அட்வைசர் சொல்லும் தீர்ப்பை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஏஎம்டி (தானாக கியர் மாறும்) வண்டியென்றால் கிளட்சை இயக்குவதே கம்ப்யூட்டர். பெடலே இல்லாத காரில் "பெடலில் கால் வைத்தே ஓட்டினீர்கள்" என்ற வாதம் செல்லாது. ஆனால் மேட்டில் ஆக்சிலேட்டரைக் கொடுத்தே வண்டியை நிற்கவைத்தால் அதிலும் பிளேட் கருகும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 'குறைபாடு' என்பதை விரிவாகவே வரையறுக்கிறது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரத்தில் எந்தக் குறை இருந்தாலும் அது குறைபாடுதான். அந்த ஒப்பந்தம் வெளிப்படையாக எழுதப்பட்டதாகவும் இருக்கலாம், எழுதாமலே உட்கிடையாக இருப்பதாகவும் இருக்கலாம். உங்கள் உரிமை வாரண்டி புத்தகத்தின் பக்கங்களோடு முடிந்துவிடாது என்பதற்கு இதுவே அடிப்படை. காருக்குக் கொடுத்த விலையில் ஓடத்தக்க கிளட்சும் அடக்கம்.

லாப நோக்கில் வணிகத்துக்கு வாங்கிய வண்டிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் சொந்தப் பிழைப்புக்காக வாங்கித் தானே ஓட்டும் டாக்சிக்காரரை நுகர்வோராகவே சட்டம் பார்க்கிறது.

இப்போது செய்ய வேண்டிய வேலை. வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன புகார் உங்கள் வார்த்தையில் பதிவாகிறதா என்று பாருங்கள். 'கிளட்ச் செக்' என்று மொட்டையாக எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். 'மேட்டில் பிக்கப் இல்லை, கருகிய வாடை, முதல் சர்வீஸிலிருந்தே பெடல் கடினம்' என்று ஓடிய கிலோமீட்டரோடு எழுதச் சொல்லுங்கள். முன்பே ஒருமுறை புகார் சொன்ன பதிவு இருந்தால் அது பொன் போன்றது. கியர்பாக்ஸை இறக்கும்போது நேரில் நில்லுங்கள், அல்லது ஒவ்வொரு பாகத்தின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் கேட்டு வாங்கி, பத்திரமாகக் கட்டி வையுங்கள். காசு கொடுத்து மாற்றினால் பழைய பாகம் உங்களுடையது. அது ஸ்கிராப்புக்குப் போய்விட்டால் உங்கள் வழக்கில் பாதி அதோடு போய்விடும்.

அப்புறம் டீலருக்கும் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், மூன்று கேள்வி போதும்: "வாரண்டியின் எந்த விதியின்கீழ் மறுக்கிறீர்கள்? என் ஓட்டும் முறைதான் காரணம் என்ற முடிவுக்கு எந்தச் சோதனையின் அடிப்படையில் வந்தீர்கள்? ஆயில் சீல், ஹைட்ராலிக், அட்ஜஸ்ட்மென்ட் சரிபார்த்த அறிக்கை எங்கே?" வாயால் தாராளமாகப் பேசுபவர்கள் எழுத்தில் கேட்டதும் நிதானிப்பார்கள். பாதி விலையில் மாற்றித் தருகிறோம் என்று 'நல்லெண்ண அடிப்படையில்' ஒரு சலுகை வருவதும் உண்டு. அதை ஏற்பது உங்கள் விருப்பம். ஆனால் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளில் கையெழுத்திட்டால் பிறகு கேட்பது கஷ்டம். வண்டி உடனே தேவைப்பட்டு முழுப் பணத்தையும் கட்ட நேர்ந்தால், பில்லிலும் மின்னஞ்சலிலும் 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று குறித்துவிடுங்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவாகும் புகார் நிறுவனத்துக்கு அனுப்பப்படும். கட்டளையிடும் அதிகாரம் அதற்கு இல்லை என்றாலும் சில புகார்கள் இந்த நிலையிலேயே தீர்ந்துவிடும். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கேதான் போக வேண்டும். டீலர் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் கொடுக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. கட்டணமும் பயமுறுத்தாது: விலை 5 லட்சம் வரை என்றால் ஒன்றுமில்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போய்விட வேண்டும். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

இந்த வழக்குகள் தோற்பதற்கு முக்கியக் காரணம் நிபுணர் அறிக்கை இல்லாததுதான். குறை இருக்கிறது என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலில் உங்களுடையது. "எட்டாயிரத்தில் போய்விட்டது" என்ற ஒற்றை வாதத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். சோதிக்காமல் குறையைக் கண்டறிய முடியாது என்று தோன்றினால், பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை பெற ஆணையத்துக்குச் சட்டத்தின் 38ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. சோதனைக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டிவரும். புகாரோடு சேர்த்தே இதற்கு ஒரு மனு கொடுத்துவிடுவது நல்லது. எதிர்த்தரப்பு பதில் சொல்ல 30 நாள், அதற்கு மேல் அதிகபட்சம் 15 நாள். சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் அதைவிட நீளும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள்.

என்ன கிடைக்கும் என்பதிலும் நிதானம் வேண்டும். கிளட்ச் கோளாறு பற்றிய ஒரு வழக்கே உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. மாருதி உத்யோக் நிறுவனத்தின் அந்த மேல்முறையீட்டில் 2006இல் வந்த தீர்ப்பு, வாரண்டிப்படி நிறுவனத்தின் கடமை குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவதுதான் என்று சொல்லி, காரையே மாற்றித் தர வேண்டும் என்ற உத்தரவை ஏற்கவில்லை. அதனால் "புது கார் கொடு" என்று மட்டும் கேட்டுவிட்டு நிற்காதீர்கள். கிளட்ச் அசெம்பிளி இலவச மாற்று அல்லது கட்டிய பணம் வட்டியுடன், வண்டி நின்ற நாட்களின் பயணச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். மாற்றிய கிளட்சும் திரும்பத் திரும்பப் போகிறது, கோளாறு இன்ஜினிலோ கியர்பாக்ஸிலோ இருக்கிறது என்று நிபுணர் அறிக்கை சொன்னால் முழுக் காரையும் கேட்கும் வாதத்துக்கு வலு வரும்.

கிளட்ச் திடீரென்று கைவிட்டு விபத்தாகி யாருக்காவது காயம் ஏற்பட்டால், அதே சட்டத்தின் 'பொருள் பொறுப்பு' அத்தியாயம் திறக்கிறது. வெறும் கிளட்ச் கெட்டதற்கு அந்த வழி கிடையாது, காரணம் பொருளுக்கே ஏற்பட்ட சேதத்தை அந்த அத்தியாயம் கணக்கில் எடுப்பதில்லை.

ஆணையம் உங்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டால், நிறுவனம் 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். அதற்கு உத்தரவிட்ட தொகையில் 50 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் போகாமல் பணமும் தராமல் இழுத்தடித்தால், 72ஆம் பிரிவின்கீழ் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, 3 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. அதற்கும் நீங்கள் தனியாக ஒரு மனு கொடுக்க வேண்டும்.