போரில் 200 அடி தண்ணீர் நிற்கிறது, லிட்டரில் எவ்வளவு?

"போர்ல 200 அடி தண்ணி நிக்குதுங்க. ஆனா மோட்டார் போட்டா அரை மணி நேரத்துல வெறும் காத்துதான் வருது. மோட்டார்ல கோளாறுங்களா?" கோவைப் பக்கம் போர்வெல் மோட்டார் வேலை பார்ப்பவர்கள் கோடையில் தினமும் கேட்கிற கேள்வி இது. மோட்டாரைக் கழற்றும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

வீட்டுக்குப் போடும் போர் பெரும்பாலும் ஆறரை இஞ்சு. உருளையின் கொள்ளளவு பள்ளியில் படித்ததுதான்: ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, 3.14ஆல் பெருக்கி, உயரத்தால் பெருக்க வேண்டும். இஞ்சு, அடி, லிட்டர் மூன்றும் கலந்து வருவதால் ஒரு சுருக்கு வழி சொல்கிறேன். விட்டத்தை இஞ்சில் எடுத்து அதை அதாலேயே பெருக்குங்கள். வருவதை 0.154ஆல் பெருக்கினால் ஓர் அடிக்கு எத்தனை லிட்டர் என்று கிடைத்துவிடும். 6.5 × 6.5 = 42.25; அதை 0.154ஆல் பெருக்கினால் 6.5. அதாவது ஆறரை இஞ்சு போரில் அடிக்கு ஆறரை லிட்டர். மறக்கவே மறக்காது. நாலரை இஞ்சு என்றால் மூன்று லிட்டர் சொச்சம்தான்.

அப்படியானால் 200 அடிக்கு 1,300 லிட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர் இறைக்கிற மோட்டார் இதை 22 நிமிடத்தில் காலி செய்துவிடும். மோட்டாருக்குக் கீழே நிற்கிற தண்ணீரைக் கணக்கில் சேர்க்கவும் கூடாது.

கிணற்றுப் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நம்ப முடியாது. 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணற்றில் ஓர் அடித் தண்ணீரே சுமார் 8,900 லிட்டர். போரில் அந்தச் சேமிப்பு கிடையாது. பாறை இடுக்கில் வருகிற ஊற்றை நம்பித்தான் ஓட்ட வேண்டும்.

ஊற்றையும் இதே கணக்கால் அளக்கலாம். தண்ணீர் வற்றும்வரை ஓட்டி நிறுத்துங்கள். எடை கட்டிய நூல் கயிற்றை விட்டு மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 40 அடி ஏறியிருந்தால் மணிக்கு 260 லிட்டர். இது போதாது என்று இன்னொரு போர் போடக் கிளம்புகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களில் எடுத்துக்கொள்ளும் அளவு. நாலு பேருக்கு 540 லிட்டர். மணிக்கு 260 சுரக்கிற போர் அதை இரண்டு மணி நேரத்தில் ஏறக்குறையத் தந்துவிடும். டைமர் போட்டு மணிக்கு நாலு நிமிடம் ஓடவிட்டால் டேங்க் தானாக நிறையும். கூடவே டிரை ரன், அதாவது தண்ணீரில்லாமல் மோட்டார் ஓடுவதைத் தடுக்கும் கருவியும் வேண்டும். தண்ணீருக்குள் மூழ்கி ஓடுகிற சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பதே சுற்றியுள்ள தண்ணீர்தான். அது இல்லாமல் ஓடினால் உள்ளே சுற்றியிருக்கிற கம்பிச்சுருள் (காயில்) கருகிவிடும்.

அப்புறம் ஒன்று. மோட்டாரைத் தூக்கும்போது பைப்புக்குள் நிற்கிற தண்ணீரையும் சேர்த்துத்தான் தூக்குகிறோம். ஒன்னேகால் இஞ்சு பைப்பில் அடிக்குக் கால் லிட்டர் அளவுக்கு நிற்கும். தண்ணீரை ஒரு திசையில் மட்டும் விடுகிற என்ஆர்வி வால்வு அதைக் கீழே இறங்க விடாது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே 200 அடி பைப் இருந்தால், மோட்டார், பைப் எடை போக இன்னும் 48 கிலோ. ஆள் குறைவாக இருந்தால் அன்றைக்குத் தூக்க வேண்டாம்.