“நல்லதையே நினை” என்று சொல்லாதீர்கள், எழுதச் சொல்லுங்கள்

“எதையும் யோசிக்காத கண்ணு, நல்லதையே நினை, எல்லாஞ் செரியாப் போயிரும்.” யோசித்து யோசித்தே தூக்கம் கெட்டு ஆலோசனைக்கு வருகிறவர்கள், கோபியிலிருந்து வந்தாலும் பல்லடத்திலிருந்து வந்தாலும், இந்த வார்த்தையை வீட்டில் கேட்டுச் சலித்த பிறகுதான் வருகிறார்கள். பாசத்தில் சொல்வதுதான், தெரியும். ஆனாலும் தயவுசெய்து நிறுத்துங்கள்.

நினைக்காதே என்றால் மனசு கேட்காது. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் இதைச் சோதித்துக் காட்டினார். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணி அடியுங்கள் என்றார். அடக்கப் பார்த்தும் மணி ஒலித்தது. பிறகு தாராளமாக நினைக்கலாம் என்றதும், முதலில் அடக்கியவர்களுக்குத்தான் கரடி கூடுதலாக வந்தது.

நல்லதை நினைப்பதிலும் இதே சிக்கல். “எல்லாரும் என்னை மதிக்கிறார்கள்” என்று நூறு தடவை சொன்னாலும், நம்பிக்கை இல்லாத இடத்தில் அது ஒட்டாது. கவலையோடு, “நல்லதைக்கூட நினைக்க முடியலையே” என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். நமக்குத் தேவை நல்ல எண்ணம் அல்ல, சரிபார்த்த எண்ணம். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் உருவாக்கிய, எண்ணங்களைச் சோதித்துப் பார்க்கும் சிகிச்சை முறையின் அடிப்படை இதுதான்.

சரிபார்ப்பதை மனசுக்குள் செய்யாதீர்கள். நோட்டும் பேனாவும் வேண்டும்.

முதலில் எண்ணத்தை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். “என்ன நினைச்சாங்களோ” என்பதைச் சரிபார்க்க முடியாது. குழந்தையின் காதுகுத்தில் நங்கையா (நாத்தனார்) சரியாகப் பேசவில்லை என்று வைத்துக்கொள்வோம். “அண்ணன் கொண்டுவந்த சீர் குறைவுன்னு நங்கையா என்னை இளக்காரமா நினைக்கறாங்க” என்று துணிந்து எழுதுங்கள். அதை எவ்வளவு நம்புகிறீர்கள் என்று நூறுக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். 90 என்றால் 90.

அடுத்தது ஆதாரம். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். விசேஷ வீடியோவில் பதிவாகியிருக்கக் கூடியதை மட்டும் எழுதுங்கள். “வந்தாங்க, ரெண்டு வார்த்தை பேசினாங்க, சாப்பிட்டதும் கிளம்பிட்டாங்க” என்பது ஆதாரம். “ஒரு மாதிரியாப் பாத்தாங்க” என்பது நீங்கள் எழுதிய தீர்ப்பு, அடித்துவிடுங்கள். எதிர்ப்பக்கத்து ஆதாரத்தையும் தேடுங்கள்: போகும்போது குழந்தை கையில் பணம் வைத்தார்களா? மறுநாள் போட்டோ கேட்டார்களா? இந்தப் பத்தியைக் காலியாக விட்டுவிட்டு “எழுதிப் பாத்தேங்க, பலனில்லைங்க” என்பவர்கள்தான் அதிகம்.

பிறகு வேறு காரணங்கள் குறைந்தது மூன்று: முழங்கால் வலி, வீட்டில் சண்டை, பஸ்ஸுக்கு நேரமானது. நம்பிக்கை இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

கடைசியாக, நினைத்தது உண்மையாகவே இருந்தால் அடுத்து என்ன செய்வேன்? ஒரு வரி போதும். மறுபடி மதிப்பெண் போடுங்கள். 90 என்பது 55 ஆனால் வேலை நடந்துவிட்டது. பூஜ்யமாகும் வரை எழுதினால் அதுவே புது யோசனையாகிவிடும். மொத்தம் 20 நிமிடம், ஓர் எண்ணத்துக்கு ஒரு முறை. அது அன்றே திரும்பி வந்தால், “எழுதியாச்சு” என்று சொல்லிவிட்டுக் கைவேலைக்குத் திரும்புங்கள்.

“எனக்கு மட்டும் ஏன் இப்படி?” என்பது கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் பதிலே வராது, தோண்டத்தான் வைக்கும். “என்ன ஆதாரம்”, “அடுத்து என்ன” இரண்டையும் மட்டும் கேளுங்கள்.

எல்லாக் கவலையையும் நோட்டில் விசாரிக்கத் தேவையில்லை. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டுகிறவருக்கு, பணம் வராவிட்டால் சனிக்கிழமைக் கூலிக்கு என்ன செய்வது என்பது நிஜப் பிரச்சினை. பாக்கிக்காரருக்குப் போன் போட்டுத் தேதி கேளுங்கள், வரவேண்டியதையும் கொடுக்க வேண்டியதையும் எழுதுங்கள். அதோடு விடுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் கிடந்து விசாரணை வேண்டவே வேண்டாம். தலைப்பை மட்டும் ஒரு வரி குறித்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். படுக்கப்போகும் நேரத்தை ஒட்டி வைக்காதீர்கள். தூக்கம் வராமல் புரண்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், போனைத் தொடாதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் காபி, டீ கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த முறை பொருந்தாத இடமும் உண்டு. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பவர்களுக்கும், “ஏனுங்க, நான் பண்ணுனது தப்பில்லைங்களே?” என்று ஒரே நாளில் பத்து முறை கேட்பவர்களுக்கும் எண்ணத்தோடு வாதாடுவது தீனி போடுவதாகிவிடும். வீட்டார் ஒவ்வொரு தடவையும் சமாதானம் சொல்வதும் அப்படியே. இது எண்ணச் சுழற்சி நோயாக (ஓசிடி) இருக்கலாம், சிகிச்சையே வேறு. மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

தூக்கம், பசி, வேலையில் நாட்டம் எல்லாம் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். “இருந்து என்ன பிரயோஜனம்” என்ற பேச்சு வந்துவிட்டால் நோட்டை எடுக்காதீர்கள். அப்படிப் பேசுகிறவரைத் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தோட்டத்து வீடாக இருந்தால் பூச்சிமருந்தை இன்றைக்கே பூட்டி வையுங்கள், சாவி அவர் கைக்குக் கிடைக்க வேண்டாம்.