நாங்க ராகு காலம் பாக்கறதில்லீங்க

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. டோக்கன் பத்தே முக்காலுக்கு. விற்பவர், வாங்குபவர், சாட்சிகள் எல்லோரும் பத்து மணிக்கே பதிவு அலுவலகத்துக்கு வந்துவிட்டார்கள். கிரயப் பத்திரம் தயார், டிடி தயார். வாங்குபவர் என்னை வேப்பமரத்தடிக்குத் தனியே கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, பத்தரையிலிருந்து பன்னண்டு வரைக்கும் ராகு காலமாச்சுங்களே, கொஞ்சம் தள்ளிப் பதியலாமுங்களா? நாங்க அதெல்லாம் பாக்கறதில்லீங்க. விக்கறவிய மனசு சங்கடப்படக் கூடாதில்லீங்களா, அதுக்காகத்தான்."

சரி என்று விற்பவரிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நானே சொல்லணும்னு இருந்தேனுங்க. எங்களுக்கு அந்த நம்பிக்கையெல்லாம் கிடையாதுங்க. வாங்கறவிய புதுசா வீடு கட்டப் போறாங்க, அவியளுக்காகப் பாக்கலாம்னுதான்."

இருவரும் கிறிஸ்தவர்கள். அதுவும் ஒரே சபை. உள்ளே பெயர் கூப்பிட்டபோது ஒருவர் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தார், இன்னொருவருக்கு அவசரமாக போன் வந்திருந்தது. அப்புறம் பன்னிரண்டு மணி வரைக்கும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, அடுத்த மாதக் கன்வென்ஷனுக்கு யாரைப் பேசக் கூப்பிடலாம் என்று இருவரும் ஆலோசனை செய்தார்கள். பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷத்தில் இரண்டு கைரேகையும் விழுந்தன.

நான் பத்திர எழுத்தர். ஈரோடு மாவட்டத்தில் 27 வருஷமாக இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். நானும் கிறிஸ்தவன்தான். அப்பாரு காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். மாதத்தில் ஒரு ஞாயிறு சபையில் வேதபாடம் வாசிக்கிற முறை எனக்கு வரும். அதனால் வெளியாள் நின்று குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடைசியில் என் வீட்டுக் கதையும் வரும்.

கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் உலகத்தை வேதத்தின் கண்கொண்டுதான் பார்க்கிறார்களா என்று அமெரிக்காவில் கணக்கே எடுக்கிறார்கள். அரிசோனா கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பார்னா நடத்துகிற ஆய்வு அது. 2020-இல் வயதுவந்த அமெரிக்கர்களில் 6 சதவீதம் பேருக்கு அந்தப் பார்வை இருப்பதாக வந்தது. 2023-இல் அது 4 சதவீதமாக இறங்கிவிட்டது. நடுவில் 2022-இல் போதகர்களையே கேட்டுப் பார்த்தார்கள்; 37 சதவீதம்தான் தேறினார்கள். இதை எங்கள் போதகரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்மளைக் கேக்காம இருந்தாச் சரி" என்றார்.

பார்னாவின் அளவுகோலில் எனக்கு முழு உடன்பாடு கிடையாது. சுவிசேஷ சபைகளின் உபதேசத்தை ஒட்டிய கேள்விகள் அவை. ஒரு கத்தோலிக்கர் மனசாட்சிப்படி பதில் சொன்னாலும் சில இடங்களில் மதிப்பெண் குறையும். நம் நாட்டுக்கென்று ஒரு கணக்கு உண்டு. பியூ ஆய்வு மையம் 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் ஏறக்குறைய 30,000 இந்தியர்களிடம் பேசி, முடிவுகளை 2021-இல் வெளியிட்டது. அதில் கிறிஸ்தவர்களில் 54 சதவீதம் பேர் கர்மவினையை நம்புவதாகவும், 29 சதவீதம் பேர் மறுபிறவியை நம்புவதாகவும் சொல்லியிருந்தார்கள். சரீரத்தின் உயிர்த்தெழுதலை விசுவாசிக்கிறேன் என்று எழுந்து நின்று அறிக்கை செய்கிற கூட்டத்தில் பத்துக்கு மூன்று பேர் அடுத்த பிறவிக்கும் ஒரு துண்டு போட்டு வைத்திருக்கிறார்கள்!

என்னிடம் கேள்வித்தாள் கிடையாது, மேஜைதான் இருக்கிறது. கேட்டால் எல்லோரும் சரியான பதிலைத்தான் சொல்வார்கள். பத்திரம் எழுத உட்காரும்போதுதான் மனசில் இருப்பது வெளியே வரும்.

முகூர்த்த நாளில் கூட்டம் தாங்காது என்று பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் விடுகிறது. நூறு டோக்கன் விடுகிற அலுவலகத்தில் அன்றைக்கு 150. அந்த நாளைக் கேட்டு வருகிறவர்களில் கிறிஸ்தவக் குடும்பங்களும் தாராளமாக உண்டு. அஷ்டமி, நவமி வேண்டாம். செவ்வாய் வேண்டாம். ஆடி வேண்டவே வேண்டாம். தமிழ் வேதாகமத்தில் உபாகமம் 18-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். குறிசொல்லுகிறவனோடு சேர்த்து 'நாள்பார்க்கிறவன்' என்று பச்சையாகவே போட்டிருக்கிறது. மொழிபெயர்ப்புக் கோளாறு என்று தப்பிக்கவும் வழியில்லை.

என் தொழில்காரனுக்கு வேதத்தில் ரொம்பப் பிடித்த இடம் எரேமியா 32. பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி வளைத்து நிற்கிறது. எரேமியாவோ காவல் முற்றத்தில் அடைபட்டுக் கிடக்கிறார். அந்த நேரத்தில் சொந்த ஊரான ஆனதோத்தில் பங்காளியின் நிலத்தை 17 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து வாங்குகிறார். பத்திரம் எழுதி, சாட்சி வைத்து, முத்திரை போட்டு, திறந்த பிரதி ஒன்றையும் சேர்த்து மண்பாண்டத்தில் பத்திரப்படுத்தச் சொல்கிறார். அதை வாங்கி வைக்கிறவர் பெயர் பாருக்கு; அவருக்கு வேலையே எழுத்துதான். எங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன். எதிரிப் படை கோட்டை வாசலில் நிற்கும்போது நிலம் வாங்குவதைவிடக் கெட்ட நேரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் இருக்காது. இந்த தேசத்தில் இனியும் வீடும் நிலமும் வாங்குவார்கள் என்று கர்த்தர் சொன்னார் என்பதற்காக அந்த மனுஷர் பணத்தை எண்ணி வைத்தார்.

எல்லாவற்றையும் இதே தட்டில் போட்டு நிறுக்க மாட்டேன். வாசலில் வாழை கட்டுவது, மாமன் சீர் கொண்டு வருவது, தை மாதத்தில் பொங்கல் வைப்பது எல்லாம் மண்ணோடு வந்த பழக்கம். ஞானஸ்நானம் எடுத்தவன் கொங்கு நாட்டுக்காரனாக இல்லாமல் போக வேண்டியதில்லை. ராகு காலம் வேறு. இந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் ஆண்டவர் கையில் இல்லை என்று ஒரு நம்பிக்கை அதற்குள் இருக்கிறது.

அடுத்தது விலை. 2019-இல் சபைக் கமிட்டியில் இருந்த ஒருவர் 6 சென்ட் விற்றார். பேசிய விலை 41 லட்சம், அரசாங்கம் குறித்து வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்பு 18 லட்சம். பத்திரத்தில் எந்த எண் ஏறியது என்று சொல்லத் தேவையில்லை. அப்போது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 11 சதவீதம் (இப்போது 9). மறைத்த 23 லட்சத்துக்கு 2 லட்சத்து 53 ஆயிரம் வாங்கினவருக்கு மிச்சம். விற்றவருக்கு வருமான வரி மிச்சம். சாயங்காலம் விற்றவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்: "தசமபாகம் பதினெட்டுக்குக் குடுக்கறதுங்களா, நாப்பத்தொண்ணுக்குங்களா?" நாற்பத்தொன்றுக்கே பத்தில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுத்தார், 4 லட்சத்து 10 ஆயிரம். அரசாங்கத்துக்குக் காட்டாததை ஆண்டவருக்குச் சுத்தமாகக் காட்டினார். அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. முழுக் கிரயத்தொகையும் 18 லட்சம்தான் என்று டைப் அடித்தவனும் நான்தான்.

ஆதியாகமம் 23-இல் ஆபிரகாம் வாங்கிய நிலத்துக்கு 400 சேக்கல் வெள்ளி ஊரார் காது கேட்கச் சொல்லி நிறுத்துக் கொடுக்கப்பட்டது. எல்லைக்குள் இருந்த மரங்கள் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். இன்றைக்கு நாங்கள் எழுதுகிற சொத்து விவரம் மாதிரியே இருக்கும். விஷயத்துக்கு வருகிறேன்: 2015 ஜூன் முதல் சொத்து விற்கிறவர் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி குற்றம், வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். "எல்லாரும் பண்றதுதானுங்க" என்பது நோட்டீஸ் வரும்வரைக்கும்தான்.

சாதியைப் பற்றி நீட்டப் போவதில்லை. மனை விற்க வந்த ஒருவரிடம், "வாங்கறவர் நம்ம சபைதானுங்க" என்றேன். "சபை சரிங்க. அவிய எந்த ஆளுங்க?" என்றார். கோயமுத்தூருக்கு லண்டன் மிஷன் வந்தது 1830-இல். கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு கூடவே கூடாது என்று தென்னிந்திய மிஷனரிகளுக்குக் கடிதம் எழுதியது 1833-இல். அந்த மனை வேறு ஆளுக்குத்தான் போயிற்று.

என் மேஜையில் நான் அதிகம் தலைகுனிந்த இடம் விடுதலைப் பத்திரம்.

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் 3 ஏக்கர். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். அம்மா, மூன்று அண்ணன் தம்பிகள், ஒரு தங்கை. அம்மாவும் தங்கையும் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பத்திரம். தங்கை திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகிற பெண். அரை நாள் லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி வந்திருந்தாள். வழக்கம்போல் வாசித்துக் காட்டினேன். 'ரூபாய் ஐம்பதாயிரம் ரொக்கமாகப் பெற்றுக்கொண்டு' என்கிற வரி வந்ததும் தலையை நிமிர்த்தினாள்.

"ஏண்ணா, இந்த அம்பதாயிரம் எப்பக் குடுத்தீங்க?"

"அது சும்மா எழுதறதுதான் அம்மணி" என்றார் மூத்தவர். "கல்யாணத்துக்கே முப்பது பவுன் போட்டாச்சு, சீரெல்லாம் செஞ்சாச்சு."

சட்டம் என்ன சொல்கிறது என்பதைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பாதிப் பேருக்குச் சொல்ல ஆளில்லை. நமக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925. உயில் இல்லாமல் தகப்பன் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதியில் மகன், மகள் பேதமில்லாமல் சம பங்கு. அந்த 3 ஏக்கரில் அம்மாவுக்கு ஒரு ஏக்கர், நாலு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 50 சென்ட். பூர்வீகச் சொத்து, ஆண் வாரிசு என்ற பேச்சே இந்தச் சட்டத்தில் கிடையாது. சீர் செய்தாச்சு என்பதற்கும் அதில் பதில் இருக்கிறது: தகப்பன் உயிரோடு இருந்தபோது ஒரு பிள்ளைக்குக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது என்று 49-ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் இந்து மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை 1989-இல்தான் வந்தது, அதுவும் அப்போது மணமாகாதவர்களுக்கு மட்டும். நாடு முழுக்க எல்லா மகள்களுக்கும் என்று ஆனது 2005-இல். நம் பெண்களுக்குச் சட்டம் எப்போதோ கொடுத்துவிட்டது. வாங்கிக்கொள்ளத்தான் விடுவதில்லை.

வேதத்தில் ஆதாரம் கேட்டால் பலர் செலொப்பியாத்தின் குமாரத்திகளைக் காட்டுவார்கள். அது அண்ணன் தம்பி இல்லாத வீட்டுக் கதை, இந்த வழக்குக்குப் பொருந்தாது. யோபு புத்தகத்தின் கடைசி அதிகாரத்துக்குப் போங்கள். யோபு தன் மூன்று மகள்களுக்கும் அவர்கள் சகோதரர்களோடேகூடச் சுதந்தரம் கொடுத்தான் என்று இருக்கிறது. யோபுவின் பொறுமையைப் பற்றி நூறு பிரசங்கம் கேட்டிருப்பேன். அவன் பாகம் பிரித்ததைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை.

அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டாள். போடாவிட்டால் அம்மா வீட்டு வாசல் மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கைரேகை வைத்த மையைத் துடைக்கும்போது என்னிடம் சொன்னாள். இப்படி வருகிற பெண்களிடம் இப்போதெல்லாம் மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கே கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பத்திரத்தில் எழுதுகிற தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்தபிறகு போடுங்கள். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். இதனால் எனக்குச் சில கட்சிக்காரர்கள் குறைந்துவிட்டார்கள். போகட்டும்.

2008-இல் எங்கள் அப்பா தவறினார். அம்மா முன்பே போய்விட்டார். வீடும் மனையுமாக 8 சென்ட். நானும் அக்காவும் இரண்டே பேர். அக்கா எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தாள். டைப் அடித்தவன் நான். அதில் ஒரு ரொக்கத் தொகையும் எழுதினேன். அக்கா வாசித்துக்கூடப் பார்க்கவில்லை, "நீ எழுதினாச் சரியாத்தான் இருக்கும் சாமி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மத்தியானம் என் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தப் பனியன் கம்பெனிப் பெண் வந்துபோன பிறகு எனக்கு அந்தப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. போன வருஷம் மனையில் 4 சென்டைப் பிரித்து அக்கா பெயருக்கு தான செட்டில்மெண்ட் எழுதினேன். வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை சரியில்லை. அக்காவுக்கும் உடனே மனசு வரவில்லை, "ஊர் என்ன பேசும்" என்றாள். ஒருவழியாகச் சம்மதித்து, புதன்கிழமை வருகிறேன் என்றாள். பன்னிரண்டே காலுக்கு டோக்கன் போட்டு போனில் சொன்னேன்.

"புதன் பன்னண்டுலிருந்து ஒண்ணரை வரைக்கும் ராகு காலமல்லோ" என்றாள் அக்கா.

"நாமதான் பாக்கறதில்லையேக்கா."

"நாம பாக்கறதில்லை. மாமா பாப்பாங்க."

மாமா எங்கள் சபையின் பொருளாளர். டோக்கனை நான் மாற்றவில்லை. இரண்டு பேரும் வந்தார்கள். பன்னிரண்டு ஐம்பதுக்குப் பெயர் கூப்பிட்டார்கள். மாமா ஒருதரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், அப்புறம் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.