இரண்டு தட்டிலும் 42 புள்ளிகள்

இரண்டு ஆய்வகத் தட்டுகள் அருகருகே இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும், நீரிலிருந்த கிருமிகள் வளர்ந்து உண்டான 42 நீலப் புள்ளிகள். ஒன்று, கிருமிகளைக் கொல்லும் குளோரின் தொட்டிக்குள் போகும் கழிவுநீரிலிருந்து வந்தது. மற்றது, தொட்டியை விட்டு வெளியேறும் நீரிலிருந்து. அப்படியானால் குளோரின் சும்மா இருந்ததா? இல்லை, நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

விஷயம் நீர்த்தலில் இருக்கிறது. உள்ளே போகும் நீரை அப்படியே சோதித்தால் தட்டு முழுக்க ஒரே நீலமாக அப்பிவிடும், எண்ணவே முடியாது. அதனால் அதை 100 மடங்கு நீர்த்து, அதில் 1 மில்லி மட்டும் வடிகட்டினார்கள். கணக்குப் போட்டால் 100 மில்லிக்கு 4,20,000. வெளியேறும் நீரிலோ நீர்க்காமல் 10 மில்லி வடிகட்டினார்கள். 100 மில்லிக்கு 420. ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

இதை 99.9 சதவீதம் என்றும் சொல்லலாம். ஆனால் துறைக்காரர்கள் '3 லாக் (log, அதாவது மடக்கை) குறைவு' என்பார்கள். பத்தில் ஒன்றாகக் குறைந்தால் 1 லாக், நூறில் ஒன்றானால் 2. எனக்கும் இதுதான் நேர்மையான அளவாகப் படுகிறது. 99.9-க்கும் 99.99-க்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாகக் காதில் விழாது. மிச்சமிருக்கும் கிருமிகளோ பத்து மடங்கு வேறுபடும்.

சரி, அந்த நீலப் புள்ளி எந்தக் கிருமி? காலரா, டைஃபாய்டு கிருமிகளைத் தனித்தனியாகத் தேடுவது பெரும்பாடு; அவை எப்போதும் இருப்பதுமில்லை. அதனால் மலத்தில் எக்கச்சக்கமாக இருக்கும் கோலிஃபார்ம் பாக்டீரியாக்களை அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். 0.45 மைக்ரான் துளையுள்ள சவ்வில் நீரை வடித்து, அந்தச் சவ்வை ஊட்டத்தின் மேல் வைத்து, 44.5 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் விடுவார்கள். குடலில் வாழ்ந்து பழகியவை அந்தச் சூட்டைத் தாங்கும். மண்ணிலிருந்து வந்தவை பெரும்பாலும் தாங்காது. தாங்கியது பெருகிப் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாகிறது.

மாதிரி எடுக்கும் பாட்டிலிலேயே ஏமாறலாம். குளோரின் கலந்த நீரை வெறும் பாட்டிலில் பிடித்தால், ஆய்வகத்துக்குப் போகும் வழியெல்லாம் அது கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். தொட்டியில் நடக்காததும் நடந்ததாகக் கணக்கில் சேரும். அதைத் தடுக்க, பாட்டிலில் முன்கூட்டியே கொஞ்சம் சோடியம் தயோசல்ஃபேட் போட்டுவைப்பார்கள்; நீர் விழுந்ததும் மிச்சக் குளோரின் செயலிழந்துவிடும். எங்கிருந்து பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். சுத்திகரிப்பு நிலையத்துக்குள் முதலில் வரும் சுத்திகரிக்காத கழிவுநீரோடு ஒப்பிட்டால், வண்டல் படிந்ததிலும் உயிரியல் சுத்திகரிப்பிலும் போன கிருமிகளின் பெருமையும் குளோரினுக்கே போய்விடும்.

தட்டில் ஒரு புள்ளிகூட வராவிட்டால்? அப்போதும் பூஜ்யம் என்று எழுதக் கூடாது. 100 மில்லி வடிகட்டியிருந்தால் 'ஒன்றுக்கும் குறைவு' என்றுதான் எழுத வேண்டும். அதே 4,20,000-லிருந்து தொடங்கினால் குறைவு '5.6 லாக்குக்கு மேல்'.

இதிலும் ஓட்டைகள் உண்டு. ஒரு சிறு கழிவுத் துகளில் நூறு பாக்டீரியாக்கள் ஒட்டியிருந்தாலும் தட்டில் ஒரே புள்ளிதான். குளோரினில் அடிபட்டு அரைகுறை உயிரோடு இருப்பவை அந்தச் சூட்டில் வளராமல் போகலாம். பின்னால் தேறிக்கொள்ளவும் கூடும். குளோரினுக்குப் பதில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், அதில் சேதமானவற்றில் சில, வெளிச்சம் பட்டதும் தம் டிஎன்ஏவைச் சரிசெய்துகொள்கின்றன. அப்புறம் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இருக்கிறது. அதன் தடித்த ஓட்டைக் குளோரினால் எளிதில் துளைக்க முடியாது. கோலிஃபார்ம் தட்டு வெறுமையாக இருக்கும் அதே நீரில் அது உயிரோடு இருக்கலாம்.